ரூட்டு என்னும் வளாகம்

வளாகம் என்றால் வளைக்கப்பட்ட இடம். பழைய நூல்களில் கடல் வளைத்த நிலத்துக்கும் அதுதான் பெயர். இப்போது கல்லூரி என்றாலே வளாகம்: சுற்றுச்சுவர், இரும்புக் கேட், கேட்டில் ஒரு காவலாளி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. 'வளாக வாழ்க்கையின் சிக்கல்கள்', 'வளாகத்தில் மாணவர் நலன்' என்று கருத்தரங்குகளிலும் சுற்றறிக்கைகளிலும் பேசுகிறபோது, சுவருக்கு உள்ளே நடப்பது மட்டும்தான் மாணவனின் கல்லூரி வாழ்க்கை என்கிற முடிவு பேச்சு தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கிறவனை மனதில் வைத்து உருவான சொல்லாடல் இது. அதைத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போகிறவன்மீது அப்படியே போர்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

பார்ப்பதற்கு மணலி புதுநகரை எடுத்துக்கொள்கிறேன். நான் வசிக்கும் இடம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த ஊரே ஒரு திட்ட வரைபடத்திலிருந்து பிறந்தது என்பது. 1970களில் சென்னைக்கு வகுத்த முதல் பெருநகர்த் திட்டத்தின் வழியில், அப்போதைய எம்.எம்.டி.ஏ. தெற்கே மறைமலை நகரையும் வடக்கே மணலி புதுநகரையும் உருவாக்கியது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியிருந்தது. உர ஆலை அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஆலைக்கு அருகில் வீடு இருந்தால் நகரத்தில் நெரிசல் குறையும் என்பது திட்டம் போட்டவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் தொழிலாளி இருந்தான், அவன் தூங்குவதற்கு மனை இருந்தது. அவன் பிள்ளை ஒருநாள் பி.ஏ. படிக்கப் போவான், அதற்கு எப்படிப் போவான் என்பது இல்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. 2011இல் மாநகராட்சியோடு இணைத்தார்கள். சாலை மட்டும் இன்றும் முதலில் துறைமுகத்துக்கு, அப்புறம்தான் மனிதர்களுக்கு. எம்.எஃப்.எல். சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் காலை நேரத்தில் அந்த வழியாகப் போனவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கிருந்து பிள்ளைகள் போகும் கல்லூரிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர், பிராட்வே பக்கம் பெண்களுக்குப் பாரதி. மதிப்பெண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மெரினாவில் மாநிலக் கல்லூரி (1840), இல்லையேல் பச்சையப்பன் (1842). மெரினாவுக்கு இங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காலை ஷிப்டுக்குப் போகிறவன் விடியும்போதே கிளம்புகிறான். பஸ் வந்தால், லாரி வழிவிட்டால், ஒன்றரை மணி நேரம். திரும்ப ஒன்றரை. மூன்று வருஷப் பட்டப்படிப்பில் அவன் ஓர் ஆசிரியரோடு செலவிடும் நேரத்தைவிட ஒரு ஜன்னல் கம்பியோடு செலவிடும் நேரம் அதிகம்.

மாலையில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கிடைத்த ஒரு வாக்குமூலம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். அப்பா ஆலைக்குள் கான்ட்ராக்ட் வேலை. கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் வாரம் எப்படிப் போனது என்று கேட்டேன்.

"காலேஜ்ல யாரும் எங்கிட்ட பேசல சார். ஆபீஸ்ல போயி கேட்டா நோட்டீஸ் போர்டப் பாருன்னாங்க. போர்டுல எல்லாம் இங்கிலீஷு. திரும்பி வரப்போ பஸ்ல ஒரு அண்ணன், 'இன்னா டிபார்ட்மென்டு, எங்க எறங்கற'ன்னு கேட்டாரு. அவருதான் சார் எல்லாம் சொன்னாரு."

எல்லாம் என்றால் என்ன? கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். பஸ் பாஸுக்கு எந்த மேஜையில் முத்திரை வாங்க வேண்டும். ஸ்காலர்ஷிப் படிவத்தோடு வருமானச் சான்றிதழின் எத்தனை நகல். எந்த ஆசிரியர் இங்கிலீஷில் நடத்திவிட்டுத் தமிழிலும் சொல்வார், யார் சொல்ல மாட்டார். போன வருஷ நோட்ஸ் எந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். இன்டர்னல் என்றால் என்ன. 100 மார்க்கில் 25 ஆசிரியர் கையில் இருக்கிறது என்பதால் அவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும். அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது, அடுத்த செமஸ்டரில் எழுதலாம், ஆனால் அதற்கான பணத்தை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் 'கண்டொனேஷன்' கட்ட வேண்டும். கையில் இல்லாவிட்டால் யாரிடம் கைமாற்றாகக் கேட்கலாம்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பியர் பூர்தியுவும் ழான்-குளோத் பாஸ்ஸரோனும் 1964இல் பிரெஞ்சு மாணவர்களைப் பற்றி எழுதிய 'வாரிசுகள்' என்ற நூல், கல்லூரி சொல்லித்தராத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிற அறிவைப் பற்றியது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது சோற்றோடு கிடைத்துவிடுகிறது. இல்லாதவனுக்குத் தனக்கு ஒன்று தெரியவில்லை என்பதுகூடத் தெரியாது. தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். பஸ்ஸில் கிடைத்த அண்ணன் செய்தது, அந்த வாரிசுரிமையைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே ஒன்றரை மணி நேரத்தில் பங்கு போட்டுக் கொடுத்தது. அலுவலகமும், துறையும், புத்தகம் போட்டுச் சொன்ன 'மாணவர் வழிகாட்டி'யும் செய்யாததை ஒரு மூன்றாம் வருஷப் பையன் செய்திருக்கிறான். இதற்குப் பெயர்தான் ரூட்டு.

ரூட்டு என்ற சொல்லைச் செய்தித்தாள் வழியே அறிந்தவர்களுக்கு வேறு காட்சி தோன்றும். அதுவும் பொய் அல்ல. ஒரே பஸ் தடத்திலோ ரயில் பாதையிலோ வருகிற ஒரு கல்லூரி மாணவர்கள் ஒரு குழு. அதற்கு ஒரு 'தல'. பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக் கானா. பாட்டில் கல்லூரியின் பெயரும் ரூட்டின் பெயரும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு நன்றி சொன்ன பஸ் டே, கூரையில் ஏறி ஊரை நிறுத்தும் பஸ் டே ஆனது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தடைக்குப் பிறகும், 2019 ஜூனில், திடீரென்று பிரேக் போட்ட பஸ்ஸின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்துச் சிரித்தது. அடுத்த மாதம் அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸில் பட்டாக்கத்தி. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். செத்தவனும் கொன்றதாகச் சொல்லப்படுகிறவர்களும் ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து, ஒரே மாதிரியான பாஸை வைத்துக்கொண்டு வந்தவர்கள்.

ஆகவே ரூட்டைக் கொண்டாட நான் வரவில்லை. விளிம்பின் கலகம், அடித்தள எதிர்ப்பு என்று இதற்கு ஒரு மாலை போடுவது நம் வட்டாரத்தில் எளிது. மாலை போடுகிறவர்களின் பிள்ளைகள் 29இ-யில் போவதில்லை. ரூட்டின் அண்ணன் சும்மா சொல்லித்தருவதில்லை. இன்று படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நாளை 'வாடா, நிக்கணும்' என்று கூப்பிட்டால் நிற்க வேண்டும். எங்கள் பையனிடம், நிற்காமல் இருந்தால் என்ன என்று கேட்டேன். "அப்ப பஸ்ல யாரு சார் நம்மள கேப்பாங்க? தனியா மாட்டுனா அவ்ளோதான்." உதவி, கடன், பாதுகாப்பு, அடி எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. அதுதான் இதன் பிடி.

பால் வில்லிஸ் 1977இல் இங்கிலாந்தின் ஓர் ஆலை நகரத்தில் தொழிலாளி வீட்டுப் பையன்களைப் பற்றி எழுதினார். பள்ளியைக் கேலி செய்து, ஆசிரியரை ஏய்த்து, தங்களுக்குள் ஒரு தனி உலகத்தைக் கட்டிக்கொண்ட அந்தப் பையன்கள், அந்தக் கலகத்தின் வழியாகவே அப்பன் வேலை பார்த்த ஆலைக்குள் போய்ச் சேர்கிறார்கள். படிக்கும்போது மணலிதான் ஞாபகம் வந்தது. ஆனால் இரண்டு இடங்களில் கதை பிரிகிறது. வில்லிஸின் பையன்களுக்கு ஆலையில் நிரந்தர வேலை காத்திருந்தது. இங்கே அப்பனுக்கே கான்ட்ராக்ட். மகன் பட்டத்தை வைத்துக்கொண்டு உணவு டெலிவரிப் பையைத் தோளில் மாட்டுகிறான். இரண்டாவது, இவர்கள் கல்லூரியை வெறுப்பவர்கள் அல்லர். கல்லூரியின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறவன் எப்படி அதை வெறுப்பான்? உள்ளே இடம் கிடைக்காதபோது, கல்லூரியின் பெயரை மட்டும் வெளியே தூக்கி வந்து கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் 'ஸ்டைல்', 'கெத்து' என்பவை எப்படி இயங்குகின்றன என்று 2016இல் ஒரு புத்தகம் எழுதிய கான்ஸ்டன்டைன் நக்காசிஸ், அவை எப்போதும் கூட்டாளிகளின் பார்வைக்காகவே நிகழ்வதைக் காட்டுகிறார். தனியாக ஒருவனுக்குக் கெத்து கிடையாது. பார்க்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் வகுப்பறையில் கிடைக்கவில்லை, பஸ்ஸில் கிடைத்தார்கள்.

சரி, நிறுவனம் என்ன செய்கிறது? இரண்டு கைகளை நீட்டுகிறது. ஒரு கை போலீஸ். 2019க்குப் பிறகு 'ரூட்டு தல'களின் பட்டியல் எடுத்தார்கள், நன்னடத்தை உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு அறிவுரை சொன்னார்கள். கைதானவர்கள் மாவுக்கட்டோடு நிற்கும் படங்களைப் பார்த்து நல்ல மனிதர்கள் பலர் கைதட்டினார்கள். இன்னொரு கை ஆலோசகர். 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்றப் பதிவேடு சொல்கிறது. இந்த எண்ணை எடுத்துக்காட்டி 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது: 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்கள் மனநலப் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையாவது அமர்த்த வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது. இவை வேண்டாம் என்று சொல்கிறவன் மனிதனாக இருக்க முடியாது. ஓர் உயிர் நின்றால் போதும்.

ஆனாலும் ஆலோசகரின் அறை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஃபூக்கோவைத் தமிழில் முப்பது வருஷமாகப் பேசிச் சலித்துவிட்டோம். எதற்கெடுத்தாலும் கண்காணிப்புக் கோபுரம் என்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. இருந்தாலும் அவர் பிற்பாடு பேசிய 'ஆயர் அதிகாரம்' இங்கே உதவுகிறது. தண்டிக்காத, அக்கறைப்படும் அதிகாரம். மந்தையின் ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாக அறிந்துகொள்ளும் அதிகாரம். மூடிய கதவு, எதிரெதிரே இரண்டு நாற்காலி, உன்னைப் பற்றிச் சொல். 'கவனக்குறைவு', 'ஊக்கமின்மை', 'கோபக் கட்டுப்பாடு இல்லை' என்று மாணவனுக்குள் ஒரு குறை கண்டுபிடிக்கப்படுகிறது. நாலரை மணிக்கு எழுந்து, வெறும் டீயோடு கிளம்பி, இருபது கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்தவன் முதல் பீரியடில் தூங்குவது எந்த மனநோய்? பத்தாம் வகுப்பு வரை அரசு அவனுக்கு மதியச் சோறு போட்டது. 1920இல் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிய பிட்டி தியாகராயரின் பெயரில் வடசென்னையில் கல்லூரியே இருக்கிறது. ஆனால் கல்லூரி மாணவனுக்கும் பசிக்கும் என்பது ஒரு நூற்றாண்டு கழிந்தும் திட்டம் ஆகவில்லை.

ராகிங் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வேண்டிய சட்டம். ஆனால் கல்லூரிகள் அதைக் கடைப்பிடிக்கும் விதத்தில் மூத்த மாணவன் என்றாலே ஆபத்து என்று ஆகிவிட்டது. முதல் வருஷத்தாரைத் தனி மாடியில் உட்காரவை, சீனியரோடு பேசாதே. மாணவர் பேரவைத் தேர்தல் பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பதில்லை. அப்படியானால் புதியவன் பழையவனை எங்கே சந்திப்பான்? கேட்டுக்கு வெளியே, யாரும் பொறுப்பு ஏற்காத இடத்தில். வரவேற்பு என்ற ஒன்றையே கல்லூரி பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளிவிட்டுவிட்டு, அங்கே ரவுடித்தனம் வளர்கிறது என்று குறைபடுகிறது.

இதுவரை 'அவன்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தற்செயல் அல்ல. ரூட்டு ஆண்களுடையது. அதே பஸ்ஸில், அதே ஒன்றரை மணி நேரம், மூன்று பேர் ஒரு சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வரும் பெண்களுக்கு ரூட்டு என்ற பெயரும் இல்லை, தலையும் இல்லை. ரூட்டின் கெத்துக்கு அவர்கள் பார்வையாளர்கள். சில நாள் இலக்கு. ஒரு நாள் பஸ்ஸில் தகராறு என்றால் அடுத்த நாள் வீட்டில் நடக்கும் விசாரணை மகனிடம் அல்ல, மகளிடம்: "இந்த காலேஜு உனக்குத் தேவையா?" பெண்ணின் படிப்பு முடியும் இடம் பல வீடுகளில் இதுதான், அரியர் அல்ல. 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் என்று வந்தபோது, எங்கள் தெருவில் அதன் வேலையைக் கண்ணால் பார்த்தேன். ஆலோசனை எதுவும் சொல்லாமல், நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போன பணம் அது. "நா உங்கள காசு கேக்கலியே" என்று ஒரு பெண் அப்பாவிடம் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கப்பட்டது. பெண்கள் தங்களுக்குள் கைமாற்று, நோட்ஸ், துணைக்குச் சேர்ந்து நடப்பது எல்லாம் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கத்தி தேவைப்படவில்லை என்பதை ரூட்டைப் பற்றிக் கவலைப்படுகிற யாரும் இதுவரை ஆராயவில்லை, நானும்தான்.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் இந்தியா முழுக்க 28.4 என்றால் தமிழ்நாட்டில் 47. பெருமைப்பட வேண்டிய எண்தான். அது சேர்ந்தவர்களின் கணக்கு. சேர்ந்தவர்கள் தினமும் போய்ச் சேர்கிறார்களா என்பது வேறு கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு வருவது நவம்பர், டிசம்பரில். பூண்டி ஏரி திறந்து கொசஸ்தலை ஆறு பெருகி மணலி புதுநகருக்குள் நுழைவதும் அப்போதுதான். 2015இல் வந்தது. 2021இல் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தபோது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்தது. அப்போது கடல் வளைத்த நிலம் என்ற பழைய பொருளில் எங்கள் ஊரே ஒரு வளாகம். தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள், தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது; நல்லது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் சேறு வாரும் பத்து நாள் எந்த வருகைப்பதிவேட்டிலும் கிடையாது. 75 சதவீதத்தில் அது கழிகிறது. சேறு வாரியதற்கு கண்டொனேஷன் கட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய கோட்பாடு இல்லை. உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலிலேயே ஒரு வழி இருக்கிறது: மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டியை ஒதுக்கச் சொல்கிறது. நம் கல்லூரிகள் இதை ரோல் நம்பர் வரிசையில் செய்யும். ஒன்றிலிருந்து இருபது வரை இவர், இருபத்தொன்றிலிருந்து நாற்பது வரை அவர். வருஷத்துக்கு இரண்டு தடவை கையெழுத்து. அதைத் தடத்தின்படி பிரித்தால் என்ன? மணலி புதுநகர், மீஞ்சூர், எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு குழு, ஆணும் பெண்ணும். அதில் ஒரு மூத்த மாணவி, ஒரு மூத்த மாணவர், அதே பக்கமிருந்து வரும் ஓர் ஆசிரியர் அல்லது அலுவலக ஊழியர். படிவம், கட்டணத் தேதி, நோட்ஸ், அவசரத்துக்கு ஐநூறு ரூபாய் என்று ரூட்டு கொடுப்பதையெல்லாம் பகல் வெளிச்சத்தில், 'நிக்கணும்' என்ற நிபந்தனை இல்லாமல் கொடுப்பது. லாரி நெரிசல் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் முதல் பீரியட் தாமதத்துக்கு ஒழுங்கு நடவடிக்கை என்ற பேச்சு வராது. வெள்ளம் வந்தால் யார் வீட்டில் தண்ணீர் என்பது அன்றைக்கே கல்லூரிக்குத் தெரிந்துவிடும்.

இதைச் சொன்னபோது பேராசிரிய நண்பர் ஒருவர் சிரித்தார். "ரூட்டுக்கு நாமே அங்கீகாரம் கொடுக்கச் சொல்றீங்களா?" என்றார். அவருடைய கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சாதி, வருமானம், முதல் பட்டதாரியா, மாற்றுத்திறனாளியா, ரத்தப் பிரிவு என்ன எல்லாம் இருந்தது. எப்படிக் கல்லூரிக்கு வருவாய், எத்தனை மணி நேரம், எந்த பஸ் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. எந்த மாணவன் எந்த பஸ்ஸில் வருகிறான் என்று இந்த ஊரில் எழுதி வைத்திருப்பது போலீஸ் ஸ்டேஷனில் மட்டும்தான் என்றேன். அவர் படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். இந்த வருஷப் படிவம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம்; அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.